எந்த மாட்டுக்கு ஏழு?

கருப்பன் என் கையை விடவில்லை. எழுபதடி தண்ணீருக்குக் கீழே, மூக்குக்கு முன்னால் விரலை ஆட்டினாலும் தெரியாத இருட்டில், என் கொழுந்தன் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஆற அமரக் காத்திருந்தான். எனக்கோ முதுகில் இருந்த சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது.

ஏழு என்று அவன் கையில் அழுத்தினேன். பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்து ஆறு என்றேன். இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஐந்து என்றபோது, 'அவசரப்படாதீங்க மதினி' என்பதுபோல என் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அவன் என்ன நினைத்துக்கொண்டு அப்படி நின்றான் என்பது மேலே வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் சிரித்தேன், கையோடு அழுதும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

காத்துக்கு எதுக்கு சிலிண்டர்?

நான் தண்ணீருக்குள் இறங்கக் கற்ற கதையைப் போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வாயில் குழாயை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவீர்கள் டீச்சர்?" நியாயமான கேள்வி. வகுப்பில் என் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. பசுமலையில் ஒரு பள்ளியில் நான் வேதியியல் டீச்சர். என் வீட்டுக்காரர் ராசு அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய தம்பிதான் கருப்பன். வளைகுடாவில் கப்பல்களுக்கு அடியில் மூழ்கி வேலை பார்த்தவன். ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு, மூழ்கும் சாமான்களோடு ஊருக்கே வந்துவிட்டான்.

மதுரையில் கடலுக்கு எங்கே போக? ஆனால் கிணறு இருக்கிறது, கைவிட்ட கல்குவாரிப் பள்ளம் இருக்கிறது. அதற்குள் மோட்டார் விழுந்துகொண்டே இருக்கிறது. "அண்ணே, மோட்டார் உள்ள போயிருச்சு" என்று யாராவது போன் செய்தால் சனி ஞாயிறுகளில் கிளம்புவோம். நான் எதற்குப் போகிறேன் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். நாற்பது வயதுக்கு மேல் வந்த ஆசை, லேசில் விடாது.

முதல் தடவை சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் தம்பி பதறிப்போய்விட்டார்.

"அக்கா, கேஸ் சிலிண்டரெல்லாம் ஏத்த மாட்டேன்."

"கேஸ் இல்ல தம்பி, வெறும் காத்துதான்."

"காத்துக்கு எதுக்குக்கா சிலிண்டரு? ஊரெல்லாம் சும்மாத்தான கெடக்கு?"

வகுப்பில் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னை இப்படி மடக்கியதில்லை. அன்று நடந்தே போனேன்.

ராசுவுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கரையில் நின்று என் இடுப்பிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"முள்ளு அம்பதுல நிக்கும்போது நீ மேல இருக்கணும். ஒரு தடவ கொறஞ்சாலும் அன்னைக்கோட அந்த ரப்பர் சட்டையக் கழட்டி வச்சுரணும். சரியா?"

நிறைந்த சிலிண்டரில் அழுத்தமானியின் முள் இருநூறில் நிற்கும். ஐம்பது என்பது கால்வாசி. சரி என்றேன். அடுத்தவர் அனுமதி கேட்டு நடக்கிற ஆள் இல்லை நான். ஆனால் வெயிலில் நின்று கயிறு பிடிக்கிறவருக்கு ஒரு வாக்குக் கேட்க உரிமை உண்டு. அவர் ஒருநாளும் முள்ளை எட்டிப் பார்த்ததில்லை. கேட்பார், சொல்வேன், நம்பிக்கொள்வார்.

சொம்பும் குடமும்

முள் என்றேனே, அதில்தான் சூட்சுமம். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு நெருக்கி அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் முள் காட்டும். எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டாது.

என் முதுகில் ஒரே சிலிண்டர். கருப்பன் முதுகில் அதே அளவில் இரண்டு, சோடியாகப் பூட்டியது. இருவர் முள்ளும் நூறில் நின்றால் அவனிடம் என்னைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது. எண் ஒன்றுதான், சங்கதி வேறு.

இதை வீட்டு அடுப்படியில் வைத்தே விளக்கினேன். ஒரு சொம்பில் பாதி, ஒரு குடத்தில் பாதி தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்தேன்.

"ரெண்டுலயும் பாதி. எது எம்புட்டுப் பேருக்குக் காணும்?"

"மதினி, நான் கடலுக்கடியில வேல பாத்தவன். எனக்கே சொம்பு வெளயாட்டா?" என்றான் கருப்பன்.

"சொம்ப மறந்துட்டுப் பேசாத. நான் சொம்பு, நீ குடம். நான் ஏழுன்னு சொன்னா ஓங் கொடத்துல ஏழுன்னு நெனச்சுராத."

"நல்லாத் தெரியும்" என்றான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நடந்ததற்கு இருவருமே தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எண் சொல்வதிலும் ஆயிரம் வம்பு. நான் முதன்முதலில் கற்றது இராமேசுவரம் பக்கம், ஒரு மே மாத லீவில். படகில் பல ஊர்க்காரர்கள். கையில் இரண்டு விரலைத் தட்டி 'எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்பது எல்லோருக்கும் பொது. பதில்தான் ஆளுக்கு ஒரு தினுசு. ஒருவர் விரல் விட்டு எண்ணுவார். இன்னொருவர் நூறு என்பதற்கு ஒரு கை நிமிர்த்தி அதன்மேல் மறு கையைப் படுக்க வைப்பார். மூடிய கை ஒருவருக்கு ஐம்பது, இன்னொருவருக்கு ஆபத்து.

ஒரு கம்ப்யூட்டர்க்காரத் தம்பி தொண்ணூறு என்று காட்டினார். ஆகா, நல்ல சிக்கனம் என்று மெச்சிக்கொண்டேன். மேலே வந்து கேட்டால், மிச்சத்தைச் சொல்லவில்லையாம், செலவானதைச் சொன்னாராம். நல்லவேளை, அவர் எனக்குச் சோடி இல்லை.

எங்கள் வகுப்பில் பரீட்சை அன்று பார்க்க வேண்டும். காதைத் தொட்டால் முதல் விடை, மூக்கைத் தொட்டால் இரண்டாவது. ஒரு பையனுக்குச் சளி பிடித்திருந்தது. பின்பெஞ்சு முழுக்க இரண்டாவது விடையையே எழுதி வைத்திருந்தது. சாடை பேசுகிறவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

துண்டுக்குள் பேச்சு

கடலிலாவது கையைக் காட்டினால் தெரியும். எங்கள் பக்கத்துக் கிணற்றிலும் குவாரியிலும் அடியில் கால் பட்டால் போதும், சேறும் கல்மாவும் கிளம்பி எல்லாம் மறைந்துவிடும். டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். முள்ளை முகமூடிக் கண்ணாடியில் ஒட்டி வைத்து நாம் படித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது?

யோசனை சொன்னவன் கருப்பன். என் மாமனார் மாட்டுத் தரகர். அண்ணனும் தம்பியும் சிறு வயதில் அவர் பின்னாலேயே சந்தை சந்தையாகப் போனவர்கள். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

"கண்ணே வேணாம் மதினி. கை போதும்" என்றான்.

ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. முழுக் கையையும் பற்றினால் ஐந்து. அதற்குமேல் வேண்டுமானால் முழுக் கையைப் பற்றிவிட்டுத் தனி விரல்கள். சந்தைக்குச் சந்தை கொஞ்சம் மாறும். இது எங்கள் வீட்டுக் கணக்கு. ஒரு விரலுக்குப் பத்து என்று தண்ணீருக்கு வைத்துக்கொண்டோம். எட்டு வந்ததும் நான் சொல்லிவிட வேண்டும், உடனே இருவரும் மேலே ஏற வேண்டும்.

எனக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ராசுவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரு விரலுக்கு நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்று எப்படித் தெரியும்?

"அதான் மாடு முன்னால நிக்குதுல்ல" என்றார். "கன்னுக்குட்டிக்கு ஒரு வெரலும் காளைக்கு ஒரு வெரலும் ஒன்னா?"

கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோனேன். இன்னொன்றும் சொன்னார். துண்டுக்குள் சொன்ன சொல் பொய்யாக இருக்கக் கூடாதாம். வெளியே என்ன கதை வேண்டுமானாலும் விடலாமாம்.

கொய்யாத் தோப்புக்காரரின் மோட்டார்

அழகர்மலை தெரிகிற தூரத்தில் ஒரு பழைய குவாரிப் பள்ளம். பக்கத்தில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஒருவர் அதிலிருந்து தண்ணீர் இறைத்துவந்தார். கயிறு அறுந்து மோட்டார் அடிக்குப் போய்விட்டது. நாங்கள் போனோம்.

மேலே தண்ணீர் பச்சையாக அழகாக இருந்தது. இறங்க இறங்க டிகாஷன் மாதிரி கறுத்தது. அடியில் கால் வைத்ததும் கல்மாவு கிளம்பியது, அவ்வளவுதான். என் ஒரு கை கருப்பனின் இடக் கையில். அவன் வலக் கையால் மோட்டாரின் காதில் கொக்கியை மாட்டப் பார்த்தான். காது பாறைக்கு அடியில் சொருகிக் கிடந்தது.

நான் குனிந்து அவனுக்குக் கொக்கிக் கயிற்றை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முள்ளைப் பார்க்க நினைத்துப் பார்த்தபோது எட்டு போய் ஏழு ஆகியிருந்தது. உடனே ஏழு என்று அழுத்தினேன். அதன்பின் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். ஏழு, ஆறு, ஐந்து. அவன் அசையவில்லை.

கட்டைவிரலை அவன் உள்ளங்கையில் நட்டு வைத்தேன். மேலே போகலாம் என்று அர்த்தம், உலகம் முழுக்க மூழ்குகிறவர்களுக்கு அதுதான் அர்த்தம். அவன் அதையும் விரலோடு விரலாகப் பிடித்துக்கொண்டான்.

பயந்தேன். வேதியியல் டீச்சர் என்று சொல்லிக்கொண்டு என்ன, நன்றாகவே பயந்தேன். பயந்தால் மூச்சு வேகமாக ஓடும், மூச்சு ஓடினால் முள் இன்னும் வேகமாக இறங்கும். கையை உருவிக்கொண்டு ஏறிவிடலாம், இடுப்புக் கயிற்றை ஆட்டினால் ராசு இழுத்தும் விடுவார். ஆனால் நான் எங்கே போனேன் என்று தெரியாமல் அவன் அந்த இருட்டில் என்னைத் தேடிக்கொண்டே கிடப்பான். அதை என்னால் செய்ய முடியவில்லை.

முள் நான்குக்குக் கீழே போனது. அப்போதுதான் ராசு சொன்னது மண்டையில் வந்து நின்றது. மாடு முன்னால் நிற்கிறது. இங்கே எங்கே நிற்கிறது? அவன் கண்ணுக்குத்தான் எதுவுமே தெரியவில்லையே.

பிடித்திருந்த அவன் கையை அப்படியே இழுத்து, என் தோளுக்குமேல் கொண்டுபோய், என் சிலிண்டரின் மேல் பதிய வைத்து அழுத்தினேன். அவன் கை அதைத் தடவியது. இடப் பக்கம் தேடியது. வலப் பக்கம் தேடியது. இன்னொன்று இல்லை.

அதற்குப் பிறகு கருப்பன் கடலில் வேலை பார்த்தவன் என்பது தெரிந்தது. கொக்கியை விட்டான். அவசரத்துக்கென்று அவன் வைத்திருந்த இரண்டாவது வாய்க்குழாய் என் வாய்க்கு முன்னால் வந்துவிட்டது. அதை மாட்டி இழுத்த முதல் மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. ரப்பர் வாசனை அடிக்கும் காற்று, அத்தனை ருசி. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிதானமாக மேலே வந்தோம். என் முள் முப்பதில் நின்றது.

கரையில் ராசு கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார்: "எம்புட்டு மிச்சம்?"

நான் வாயைத் திறக்குமுன் கருப்பன், "அம்பது அண்ணே" என்றான். நான் அதைத் திருத்தாமல் குனிந்து கால் துடுப்பைக் கழற்றினேன். கொய்யாத் தோப்புக்காரர் மோட்டாரைக் கேட்டார். "அது எங்கயும் ஓடிறாதுண்ணே, அடுத்த வாரம் வாரோம்" என்று அவரையும் சமாளித்தான்.

வேனுக்குப் பின்னால் சாமான்களைக் கழற்றும்போது அவனைப் பிடித்தேன்.

"ஏழு சொன்னேன்ல? ஏன்டா அப்படி நின்ன?"

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஏழுன்னதும் மனசு எஞ் சிலிண்டருக்குப் போயிருச்சு மதினி, ஏழு கெடக்கு, அவசரமில்லன்னு. அப்பறம் ஆறு, அஞ்சுன்னு எறங்கி வந்தீங்களா..."

"வந்தேன்."

"சந்தையில கையி எறங்கி வந்தா, நாம அசையக் கூடாது மதினி. பேசாம இருந்தா இன்னும் எறங்குவாக. அப்பா சொல்லிக் குடுத்தது. கை அதுபாட்டுக்கு நின்னுருச்சு."

அதாவது நான் உயிர் போகிறது என்று சொல்லியிருக்கிறேன், என் கொழுந்தன் பேரம் படியட்டும் என்று காத்திருந்திருக்கிறான். அப்போதுதான் சிரித்தேன். அழுததும் அப்போதுதான். அவன் என் காலில் விழப் போனான், தலையில் ஒரு குட்டு வைத்து நிறுத்தினேன்.

டீக்கடை பெஞ்சு

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கருப்பன் வேனில் சிலிண்டர்களைக் கட்டப் போயிருந்தான். ராசு என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டார். டீ ஆற்றுகிறவர் ஒரு மாதிரி பார்த்தார்.

துண்டுக்குள் அவர் கை என் முழுக் கையையும் பற்றியது. ஐந்து. ஐம்பதா என்று கேட்கிறார்.

அப்படியே விட்டிருக்கலாம். தம்பி சொன்ன பொய்யை அண்ணன் நம்பியிருப்பார், எனக்கு அடுத்த வாரமும் தண்ணீர் இருந்திருக்கும். அந்தப் பச்சை வெளிச்சமும் காதுக்குள் கேட்கிற என் மூச்சும் உண்மையைச் சொன்னால் இனிமேல் இல்லை. ஆனால் துண்டுக்குள் இருந்தது அவர் கை. பிடியை நெகிழ்த்தி, அவருடைய மூன்று விரல்களைப் பிடித்தேன்.

அவர் அசையவில்லை. மறுபடியும் முழுக் கையைப் பற்றினார். மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். நான் மறுபடியும் மூன்றையே பிடித்தேன்.

"எந்த மாட்டுக்கு?" என்றார், மெதுவாக.

"என்னோடதுதான். ஒத்தச் சிலிண்டரு."

டீ வந்து பெஞ்சில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். அப்புறம் சொன்னார்: "இனிமே நான் கயிறு புடிக்கல."

"சரிங்க. சட்டையக் கழட்டி வச்சுர்றேன். பேச்சுன்னா பேச்சுத்தான்" என்றேன்.

"யாரு இப்ப கழட்டச் சொன்னா? அம்பதுன்னா அம்பதுன்னு நம்பிக்கிட்டு மேல நிக்க எனக்கு இனிமே ஆகாது. கயித்த அந்தப் பய புடிக்கட்டும். நான் ஒங்கூட உள்ள வாரேன்."

"ஒங்களுக்கு நீச்சலே தெரியாதேங்க."

"நீ டீச்சருதான? சொல்லிக் குடு."

அந்த வயதில் அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாகமலைப் பக்கம் படி இறங்கும் பெரிய பம்புசெட் கிணறு ஒன்றில் ஆரம்பித்தோம். முதல் மாதம் கழுத்தளவுத் தண்ணீரில் படிக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கிணற்றடியில் துணி துவைக்க வந்த பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கருப்பன் மேலே கயிற்றோடு நின்று, "அண்ணே, படிக்கு வலிக்கப் போவுது, விடுங்க" என்று கேலி செய்வான்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாகத் தலையும் முழுக உள்ளே வந்தார். முதுகில் ஒரு சிறிய சிலிண்டர், என்னுடையதில் பாதிதான் இருக்கும். ஓராள் ஆழம், தெளிந்த தண்ணீர். முகமூடிக்குள் அவர் கண் இரண்டும் அகலமாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன். விரலைக் காட்டிக் கேட்டாலே தெரிந்திருக்கும். அவர் காட்டவில்லை.

முதலில் கையை நீட்டி என் சிலிண்டரைத் தடவினார். இடப் பக்கம், வலப் பக்கம் தேடிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துத் தன்னுடைய சின்னச் சிலிண்டரில் வைத்தார். அதற்கப்புறம்தான் விரலைக் கேட்டார்.

பதினைந்து என்று அழுத்தினேன். நூற்றைம்பது, கொள்ளை இருக்கிறது. ஐந்து விரலை மூன்று முறை பற்ற வேண்டும். பற்றி முடித்ததுதான் தாமதம், என்னை இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"நூத்தம்பது இருக்குங்க. எதுக்கு வந்தீங்க?" என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினேன்.

"ஒனக்கு இருக்கு" என்றார், மூச்சு வாங்க. "எனக்குத் தைரியம் தீந்துபோச்சு."

மேலே கருப்பன் சிரித்தான், துணி துவைத்தவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். படியில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றும்வரை அவர் என் கையை விடவில்லை.